அந்த 54 மைல் யார் பெயரில் இருக்கிறது?

கேட்டவர் மான்ட்கோமரியில் அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் 1965 வாக்குரிமைப் பேரணி நடந்த அந்த 54 மைல் சாலையில் செல்மா பாலத்துக்குக் காரில் போயிருக்கிறார். வழியெல்லாம் புல்வெளி, மாடு, இடையிடையே ஒரு பெட்ரோல் பங்க். அவருடைய கேள்வி இது: அலபாமாவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நகரங்களில்தானே நடந்தது, இந்தக் கிராமங்களில் பாதுகாக்க என்ன இருக்கிறது? இருந்தால் யார் பாதுகாக்கிறார்கள்? உள்ளூர்ப் பண்பாட்டையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம் என்கிறார்களே, அது கடைசியில் சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கையாகிவிடாதா?

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. பழைய வீடுகளின் அஸ்திவாரம் சரிபார்க்கிற வேலை. பன்னிரண்டு வருஷமாக இந்த 80-ஆம் நெடுஞ்சாலையில் போய்வருகிறேன். அதனால் மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த ஊர்க் கதையை வேறு எங்கிருந்து ஆரம்பித்தாலும் பாதியில் மண்ணுக்குத்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் பார்த்த அந்தப் புல்வெளிக்குக் கீழே இருப்பது அசல் கரிசல். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே கறுப்புக் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். இந்தப் பகுதிக்கு 'பிளாக் பெல்ட்' என்ற பெயரே முதலில் மண்ணின் நிறத்தால் வந்தது. பருத்திக்கு இதைவிட நல்ல மண் இல்லை என்பதால் தோட்ட முதலாளிகள் வந்தார்கள், அடிமைகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்த மக்கள் அதே மண்ணில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதுகொண்டு இருந்தார்கள். பல கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அவர்களே பெரும்பான்மை. பிறகு அந்தப் பெயர் மக்களையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

பெரும்பான்மை என்றால் ஓட்டுப் போட்டால் ஜெயித்துவிடுவார்கள். அதனால்தான் ஓட்டே கிடையாது. நீங்கள் கடந்து போன லவுண்டஸ் கவுண்டியில் 1965 தொடக்கத்தில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் எண்ணிக்கை பூஜ்யம். வெள்ளையர் தரப்பிலோ இருக்கும் ஆளைவிடப் பட்டியலில் பெயர் அதிகம். எழுத்தறிவுச் சோதனை, வாக்குவரி என்று சட்டத்தில் பல தடைகள். அதையும் தாண்டிப் பதியப் போனால், மறுநாள் முதலாளி வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

வீடு முதலாளியுடையது. நிலம் முதலாளியுடையது. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த கடையும் பெரும்பாலும் அவருடையது. அப்படிப்பட்ட இடத்தில் கூட்டம் போட வேண்டும், ஓட்டுப் பதிய உதவ வந்த வெளியூர் மாணவர்களைத் தங்க வைக்க வேண்டும் என்றால் யார் வீட்டில் வைப்பது? சொந்த நிலம் வைத்திருந்த ஒரு சில கறுப்பின விவசாயிகள் வீட்டில்தான். அல்லது அவர்கள் முன்னோர் இடம் கொடுத்துக் கட்டிய சர்ச்சில்.

1965 மார்ச் 21 முதல் 25 வரை செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த பேரணியை எல்லோருக்கும் தெரியும். முதலும் முடிவும்தான் படங்களில் வரும். நடுவில் நான்கு ராத்திரி அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் ராத்திரி டேவிட் ஹால் என்பவரின் பண்ணை. இரண்டாவது, ரோஸி ஸ்டீல் என்ற வயதான விதவையின் பண்ணை. மூன்றாவது, ராபர்ட் கார்ட்னர் பண்ணை. நான்காவது ராத்திரிதான் மான்ட்கோமரி எல்லையில் கத்தோலிக்க வளாகமான செயின்ட் ஜூட். லவுண்டஸ் கவுண்டிக்குள் சாலை இரண்டு வழியாகக் குறுகியதால், அந்தப் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. மூன்றாம் நாள் மழை. கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, சேற்றில்தான் கூடாரம் அடித்தார்கள்.

அந்தப் பண்ணைக்காரர்கள் பெயர் பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் பெரிய எழுத்தில் இருக்காது. ஆனால் அவர்கள் "சரி, வாருங்கள்" என்று சொல்லாவிட்டால் பேரணி எங்கே தங்கியிருக்கும்? வாடகை நிலத்தில் இருந்தவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது.

சொல்ல முடியாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் அதே சாலையோரத்தில் இருக்கிறது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது, கறுப்பர்கள் பதியத் தொடங்கினார்கள், பதிந்த குடும்பங்களை முதலாளிகள் வெளியேற்றினார்கள். டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் கூடாரங்கள் எழுந்தன. 'டென்ட் சிட்டி' என்று பெயர். குழந்தை குட்டிகளோடு அங்கே இருந்தவர்கள் மீது ராத்திரியில் காரிலிருந்து சுட்டிருக்கிறார்கள். அப்படியும் சுமார் இரண்டு வருஷம் அங்கேயே தாக்குப்பிடித்தார்கள். அந்த இடத்தின் அருகில்தான் தேசியப் பூங்காத் துறையின் லவுண்டஸ் விளக்க மையம் 2006-இல் திறந்தது. நீங்கள் அதையும் புல்வெளி என்று நினைத்துத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். கருஞ்சிறுத்தைச் சின்னம் பிறந்தது கலிபோர்னியாவில் இல்லை, இந்தக் கவுண்டியில். 1966-இல் ஸ்டோக்லி கார்மைக்கேல் உள்ளிட்ட மாணவர் இயக்கத்தாரும் ஜான் ஹியூலெட் போன்ற உள்ளூர்க்காரர்களும் லவுண்டஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு என்று தனிக் கட்சி தொடங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும் என்பது அலபாமா வழக்கம். எதிரே மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், அதன் மேலே 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்றே அச்சிட்டிருந்தார்கள். இவர்கள் சிறுத்தையை எடுத்தார்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் புகழ்பெற்ற கருஞ்சிறுத்தைக் கட்சி அதே ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கியது, சின்னம் இங்கிருந்து போனது. நவம்பர் தேர்தலில் லவுண்டஸ் வேட்பாளர்கள் எல்லோரும் தோற்றார்கள். நான்கே வருஷம், 1970-இல் ஹியூலெட் அந்தக் கவுண்டியின் ஷெரிப், அதாவது காவல் தலைவர், ஆனார்.

இனி பாதுகாப்பு. 54 மைலையும் 1996-இல் நாடாளுமன்றம் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்துவிட்டது. பழுப்பு நிறப் பலகைகள் இருக்கின்றன, மையங்கள் இருக்கின்றன. பாதை என்பது சாலை. சாலையை அரசு பார்த்துக்கொள்ளும். சாலையை விட்டு இறங்கினால் இருக்கிற வீடும் வயலும் தனியார் சொத்து. பேரணி தங்கிய இடங்களை தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2021-இல் அமெரிக்காவில் அழியும் ஆபத்திலுள்ள 11 இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஹால் குடும்பமும் கார்ட்னர் குடும்பமும் நிலத்தை விடாமல் வைத்திருந்ததால்தான் சேர்ப்பதற்கு ஏதோ மிச்சம் இருந்தது.

விடாமல் வைத்திருப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதுதான் வெளியிலிருந்து வருபவர்களுக்குப் புரிவதில்லை. நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். தாத்தா உயில் எழுதாமல் செத்துப் போகிறார். பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் டெட்ராய்ட், சிகாகோ என்று பிழைக்கப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். நிலம் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, வரி மட்டும் ஊரில் இருக்கிற ஒருவர் கட்டிக்கொண்டு வருகிறார். இதற்கு இங்கே 'வாரிசுச் சொத்து' என்றே பெயர். நீதிமன்றத்தையும் வக்கீலையும் நம்ப வழியில்லாத காலத்தில் உயில் எழுதாமல் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த நிலத்தை அடகு வைக்க முடியாது, வீடு பழுதுபார்க்கக் கடன் கிடைக்காது, மானியம் கேட்டால் முதலில் பத்திரத்தைக் காட்டு என்பார்கள். எல்லாவற்றையும்விட மோசம், எங்கோ இருக்கும் ஒரு தூரத்து வாரிசின் பங்கை ஒரு வெளியாள் வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 1910 வாக்கில் அமெரிக்கக் கறுப்பின விவசாயிகளிடம் சுமார் 1.6 கோடி ஏக்கர் இருந்தது. அதில் பெரும்பகுதி கைவிட்டுப் போனதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அலபாமா 2014-இல் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் விற்க வேண்டும் என்று வழக்குப் போட்டால், மற்ற வாரிசுகள் மதிப்பீட்டு விலைக்கு அவர் பங்கை முதலில் வாங்கிக்கொள்ளலாம். விற்றே ஆக வேண்டும் என்றாலும் அடிமாட்டு விலை ஏலம் இல்லாமல் சந்தை விலைக்குப் போகும். என்னைக் கேட்டால், இந்தப் பகுதியின் போராட்ட வரலாற்றைக் காப்பாற்ற நடந்த பெரிய காரியங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. அதில் வரலாறு என்ற சொல்லே இல்லை என்பது வேறு விஷயம்.

நிலம் தவறான கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஓர் உதாரணம். 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிசிசிப்பி டெல்டாவில் மணி என்ற ஊர்க் கடை ஒன்றில் நடந்ததைக் காரணம் காட்டிக் கொல்லப்பட்டான். அந்தக் கடை இன்று செங்கல் குவியல், கொடி ஏறிக் கிடக்கிறது. அதை ஒட்டியிருக்கும் பழைய பெட்ரோல் பங்க் மட்டும் பளிச்சென்று இருக்கும். 2011-இல் மாநிலத்தின் சிவில் உரிமைத் தலங்களுக்கான மானியத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பங்குக்குப் போனது. பங்கில் ஒன்றும் நடக்கவில்லை! இரண்டுக்கும் உரிமையாளர் ஒரே குடும்பம், டில் கொலை வழக்கில் குற்றவாளிகளை விடுவித்த ஜூரியில் இருந்த ஒருவரின் வாரிசுகள். சிறுவனின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் வைத்த பலகையை ஒருமுறை பிடுங்கி எறிந்தார்கள், அடுத்தடுத்து வைத்தவற்றைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். 2019-இல் வைத்தது குண்டு துளைக்காத இரும்பு, எடை சுமார் 225 கிலோ. இங்கே லவுண்டஸிலும், பேரணிக்கு உதவ வந்த வயோலா லியூஸோ என்ற பெண் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்தில் 1991-இல் வைத்த கல்லுக்குச் சுற்றிலும் இரும்பு வேலி இருக்கிறது. ஏன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

ஒரு கிராமத்தில் சர்ச் ஒன்றை ஒட்டி ஒரு பழைய பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் விரும்ப மாட்டார்கள். ரோஸன்வால்ட் பள்ளி. இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும், சியர்ஸ் என்ற கடை நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோஸன்வால்டும் சேர்ந்து, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கிராமப் பள்ளி கட்ட 1912-இல் தொடங்கிய திட்டம். 1932-க்குள் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள். மொத்தப் பணமும் பணக்காரர் கொடுத்தது என்று நினைக்கிறார்கள். ரோஸன்வால்ட் நிதியிலிருந்து வந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது 47 லட்சம். மீதி பெரும்பகுதி அரசு வரிப்பணம், அந்த வரியையும் அவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்று அவற்றில் பத்தில் ஒன்றுதான் நிற்கிறது.

நான் பார்த்த பள்ளியில் ஒரு சுவர் முழுக்க வரிசையாக உயரமான ஜன்னல்கள். மின்சாரம் இல்லாத ஊரில் கரும்பலகை தெரிவதற்காகத் திசை பார்த்து வைத்தவை. தரை பலகை, கீழே மர அடிச்சட்டம், அதைத் தாங்கச் செங்கல் தூண்கள். ஒரு மூலையில் கட்டடம் கை அகலம் இறங்கியிருந்தது. பந்தை வைத்தால் உருண்டு போய் மூலையில் நிற்கும். எனக்கு முன்னால் வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். ஊற்றியிருந்தால் அடியில் காற்று போகாமல் ஈரம் தங்கி, இரண்டு மூன்று வருஷத்தில் கரையான் மீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது தவறு என்று எனக்குத் தெரிந்தது. பெருமையோடு ஜாக்கிகளை எடுத்துக்கொண்டு செப்டம்பரில் போய் இறங்கினேன்.

சர்ச்சின் டீக்கன், எண்பது வயது தாண்டியவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இப்போது தூக்காதே, மழைக்காலம் முடியட்டும்" என்றார். நான் படித்தவன் இல்லையா, கேட்கவில்லை. ரசமட்டம் வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கி நேராக்கிவிட்டு வந்தேன். பிப்ரவரியில் போன் வந்தது. மழையில் மண் உப்பி, நான் நேராக்கிய மூலை ஒன்றரை அங்குலம் மேலே போய்விட்டது. நூறு வருஷமாகத் திறந்து மூடிய ஜன்னல்களில் நான்கு அசையவே இல்லை, ஒன்றில் பழைய கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. டீக்கன் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் வெயிலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு நான் ஜாக்கியை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் வருஷத்தில் எந்த மாதம் எப்படி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை எந்த மானிய விண்ணப்பத்திலும் எழுதக் கட்டம் இல்லை.

அதே சர்ச்சில் ஒரு பெரியம்மா பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடம் கட்டிய கணக்கு. பென்சில் எழுத்து. பெயருக்கு எதிரே ஒரு டாலர், ஐம்பது சென்ட், கோழி இரண்டு, மரம் ஒரு வண்டி, 'மூன்று நாள் வேலை'. சில குடும்பங்கள் வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கூடத்துக்கென்றே ஒதுக்கிப் பருத்தி போட்டிருந்தன. பல ஊர்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நோட்டின் ஓரங்கள் தொட்டால் பொடியாக உதிர்கின்றன. ஸ்கேன் செய்ய வேண்டும் என்றதற்கு, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். முன்பு ஒருமுறை யாரோ படங்களை வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லையாம். கடைசியில் ஸ்கேனரை சர்ச்சுக்குக் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்ட, ஒரு சனிக்கிழமை முழுக்க எடுத்தோம். நோட்டு அன்று மாலையே டின்னுக்குள் போய்விட்டது. இப்படிச் செய்வதுதான் சரி என்பது என் எண்ணம். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிற நண்பர், குளிர்சாதன அறையில் வைத்தால்தான் காகிதம் பிழைக்கும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.

பண்பாடு வேடிக்கையாகிவிடாதா என்று கேட்டீர்கள். அதற்கு ஜீஸ் பெண்ட் என்ற ஊரைப் பார்த்தால் போதும். வில்காக்ஸ் கவுண்டியில், அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஊர். அங்கே பாதிப்பேருக்குப் பெட்வே என்பதே குடும்பப் பெயர், அது பழைய அடிமை முதலாளியின் பெயர். 1932-இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும் அவர் குடும்பத்தார் ஆள் அனுப்பி மாடு, ஏர், விதை என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் பட்டினியின் விளிம்புக்குப் போனது. அதன்பின் ரூஸ்வெல்ட் அரசு நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, நீண்டகாலக் கடனில் அந்தக் குடும்பங்களுக்கே விற்றது. மறுபடியும் அதே கதைதான் பாருங்கள். சொந்த நிலம் வந்ததால் அறுபதுகளில் இவர்கள் ஓட்டுப் பதியக் கிளம்ப முடிந்தது, வெளியேற்ற முதலாளி இல்லை. அதனால் அதிகாரத்தில் இருந்த வெள்ளையர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகு நின்றது. அக்கரையில் தெரிகிற கேம்டன் நகருக்கு, அங்கேதான் கவுண்டி நீதிமன்றம், சாலை வழியாகச் சுற்றிப் போக ஒரு மணி நேரம். படகு திரும்ப ஓடியது 2006-இல். 44 வருஷம்.

அந்த ஊர்ப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வை, குவில்ட், இன்று உலகப் புகழ். ஆரம்பத்தில் அது குளிருக்குத் தைத்தது. பலகை வீட்டின் இடுக்கில் காற்று அடிக்கும், கிழிந்த வேலை உடுப்பை வெட்டி ஒட்டுப் போட்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நீல ஜீன்ஸ் துணி வெளுத்து, பாக்கெட் பிரித்த இடம் மட்டும் கருநீலச் சதுரமாக இருக்கும். கணவர் இறந்தபின் அவருடைய உடுப்பை வெட்டித் தைத்துப் போர்த்திக்கொண்டவர்கள் உண்டு. 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'சுதந்திரக் குவில்ட் சங்கம்' என்று கூட்டுறவு தொடங்கினார்கள். ஓட்டுப் பதிந்ததால் வேலை போனவர்களுக்கு அது வருமானம். 1972-இல் சியர்ஸுக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துணி அந்தக் காலத்துப் போர்வைகளில் எல்லாம் இருக்கும், ஆண்டை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் கண்காட்சி. 2006-இல் பத்து அஞ்சல்தலைகள். அவ்வளவு புகழ் வந்தபோது ஊரில் எவ்வளவு பணம் வந்தது என்ற கேள்வியும் வந்தது. சில பெண்கள் 2007-இல் வழக்குப் போட்டார்கள், அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது. 2021 முதல் பலர் எட்ஸி இணையக் கடையில் தங்கள் சொந்தப் பெயரில் விற்கிறார்கள். இந்தக் கடைசி மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விலை வைப்பவர் அவர்; என்ன நிறம் என்று முடிவு செய்பவர் அவர். வாங்குகிறவர் அருங்காட்சியகமா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்பது அப்போது அவ்வளவு முக்கியமாக இல்லை. தைத்தவர் பெயர் இல்லாமல் அதே வடிவம் பெரிய கடையில் கம்பளமாகவும் குவளையாகவும் அச்சாகி வந்தால் அதுதான் நீங்கள் பயப்படுகிற வேடிக்கை.

பாட்டு இன்னும் சிக்கலானது. லிவிங்ஸ்டன் ஊரில் வீட்டு வேலை செய்து பிழைத்த வேரா ஹால் என்ற பெண்மணியின் குரலை 1937 முதல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்தார். வேரா ஹால் 1964-இல் இறந்துவிட்டார். 1999-இல் ஒரு மின்னிசைக் கலைஞர் அந்தக் குரலை எடுத்துப் போட, உலகமெல்லாம் கேட்டது. கேட்டவர்களில் லிவிங்ஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பதிவு பத்திரமாக இருக்கிறது. பாடும் பழக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் ஒரு வரியை ராகம் இழுத்துச் சொல்ல, சபை முழுவதும் அதை நீட்டி நீட்டி வாங்கிப் பாடும் பழைய முறை சில சர்ச்சுகளில் இன்னும் இருக்கிறது. கீபோர்டு வந்த சர்ச்சுகளில் ஈஸ்டருக்கு ஒருமுறை கேட்கலாம்.

மானியம் இல்லாமல் இல்லை. தேசியப் பூங்காத் துறை 2016 முதல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலங்களுக்கென்று மானியம் கொடுக்கிறது. 2023 ஜனவரியில் அலபாமாவின் 19 கவுண்டிகளை 'பிளாக் பெல்ட் தேசிய பாரம்பரியப் பகுதி' என்று அறிவித்தார்கள். லிவிங்ஸ்டனில் உள்ள மேற்கு அலபாமா பல்கலைக்கழகம் அதன் மையம். அறிவித்ததால் அரசு யார் நிலத்தையும் எடுத்துக்கொள்ளாது, கட்டுப்பாடும் விதிக்காது. திட்டங்களுக்குப் பணம் தரும், ஆனால் அதற்கு இணையான தொகையை இவர்களும் புரட்டிக் காட்ட வேண்டும். முப்பது பேர் வருகிற சர்ச்சுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கவும் தடை உண்டு. சர்ச்சும் கல்லறைத் தோட்டமும் பொதுவாகத் தகுதி பெறாது, விதிவிலக்குக் காட்டி வாதாட வேண்டும். கட்டடம் பழைய உருவத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். எழுபதுகளில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது சபையார் ஆசையாக மரச்சுவருக்கு மேல் செங்கல் ஒட்டியிருப்பார்கள். மதிப்பீட்டாளர் பார்வையில் அது குறை. எனக்கு அது ஓட்டுரிமை வந்த பிறகான பத்து வருஷத்தின் ஆவணமாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. லவுண்டஸில் பல வீடுகளில் கழிவுநீர் குழாய் வழியாக நேரே கொல்லைக்கு வருகிறது. கரிசல் தண்ணீரை உறிஞ்சாது, சாதாரண செப்டிக் டேங்க் வேலை செய்யாது, வேலை செய்கிற வகை வாங்கக் காசு இல்லை. அந்த ஊரில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் பல வருஷம் போராடி இதை நாடறியச் செய்தார். 2023-இல் மத்திய நீதித்துறை மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது, 2025 ஏப்ரலில் அதைக் கைவிட்டது. கழிவுநீர் முற்றத்தில் தேங்கும் வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்து தங்குவார்களா? அவர்கள் வராவிட்டால் தாத்தா பேரணிக்கு இடம் கொடுத்த கதையை யாரிடம் சொல்வது, வரியை யார் கட்டுவது? அதனால் செப்டிக் டேங்க் போடுவதும் இந்தப் பாதுகாப்பு வேலையில் சேர்த்திதான் என்று நான் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறார்கள்.

மறுபடி போவதாக இருந்தால், காலையில் லவுண்டஸ் மையத்தில் நிறுத்துங்கள். பிறகு கேம்டன் போய், அங்கே உள்ளூர்க் கைவினைஞர்களுக்காக 2005 முதல் நடக்கும் பிளாக் பெல்ட் டிரெஷர்ஸ் மையத்தைப் பாருங்கள், படகில் ஜீஸ் பெண்டுக்குக் கடந்து போங்கள். படகு நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு பெருகினால் ஓடாது. வழியில் பூட்டியிருக்கும் சர்ச்சுகளையும் பண்ணை வீடுகளையும் சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி, உள்ளே இறங்க வேண்டாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மூன்று தூண்களை இந்த வருஷம், மழைக்காலம் முடிந்த பிறகு, மாற்றிக் கட்டினோம். கூரைக்கு மானியம் கேட்க இன்னும் முடியவில்லை. நிலத்தை எழுதிக்கொடுத்தவர் 'பள்ளி நடக்கும்வரை' என்று பத்திரத்தில் போட்டிருக்கிறார், பள்ளி மூடி அறுபது வருஷம் ஆகிறது, எனவே நிலம் அவருடைய வாரிசுகளுக்குத் திரும்பிவிட்டதாக வக்கீல் சொல்கிறார். தேடிப் பிடித்ததில் வாரிசுகள் 23 பேர். சர்ச்சுக்கு எழுதிக்கொடுக்க 19 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மிச்சம் நான்கு. அதில் டெட்ராய்ட்டில் இருக்கும் ஒருவர், நோட்டில் தன் பாட்டி பெயர் இருக்கிற பக்கத்தை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். போன வாரம் அனுப்பினேன். 'கோழி இரண்டு' என்று இருக்கிற பக்கம்.